தமிழ்நாட்டுப் பறவைகளைக் குரலால் அறிவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரத்துக்குள் ஏதோ கத்துகிறது, ஆளைக் காணோம். பறவை பார்க்கத் தொடங்கிய எல்லோரும் இந்த இடத்துக்கு வந்து நிற்பார்கள். காது பழகிவிட்டால், கண்ணுக்குத் தெரியாத பறவையையும் பேர் சொல்லிவிடலாம். வீட்டுத் தோட்டத்திலும் ஏரிக்கரையிலும் மலைக்காட்டிலும் கேட்கும் குரல்களைப் பற்றிப் புதியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எனக்கு ஒரு குரலும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு குரலும் தெரியாதவர் என்று யாரும் இல்லை. காகம், சேவல், குயில், மயில், கிளி, புறா, சிட்டுக்குருவி என்று எழுதிப் பாருங்கள். கிராமத்தில் வளர்ந்தவராக இருந்தால் ஆள்காட்டி, கௌதாரி, ஆந்தை இன்னும் சில சேரும். இதுதான் உங்கள் முதல் பட்டியல்.

அடுத்து என்ன செய்வது என்பதில் எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. புதிய பறவைகளைத் தேடி ஓடாதீர்கள். வீட்டைச் சுற்றி தினமும் கேட்கும் பத்துப் பதினைந்து பறவைகளை நன்றாகப் பழகுங்கள். காகம் சும்மா கரைவது ஒரு மாதிரி, பருந்தைத் துரத்தும்போது கரைவது வேறு மாதிரி. இப்படி ஒவ்வொன்றின் குரலும் எத்தனை விதமாக வருகிறது என்று கவனியுங்கள். சாதாரணக் குரல்கள் காதில் ஊறிப்போனால்தான் புதிதாக ஒன்று கேட்கும்போது அது தனியாக எடுத்துத் தெரியும். இல்லையென்றால் எல்லாமே புதுப்பறவை போலத் தோன்றி, ஒன்றுமே மனதில் நிற்காது.

வீட்டைச் சுற்றி முதலில் எவற்றைக் கற்கலாம்?

குயிலிலிருந்து ஆரம்பிக்கலாம். "கூ-ஊ, கூ-ஊ" என்று சுருதி ஏறிக்கொண்டே போவது ஆண் குயில்; கருப்பு உடல், சிவப்புக் கண். பெண் குயில் கூவுவதில்லை. பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும் அது "கிக்-கிக்-கிக்-கிக்" என்று வேகமாகக் கத்திக்கொண்டு ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பாயும். இந்தக் கத்தலைக் குயிலோடு சேர்த்துப் பார்க்கப் பலருக்கும் தோன்றாது. காக்கைக் கூட்டுக்குப் பக்கத்தில் இரண்டு குரலும் கேட்டால் அங்கே என்ன நடக்கிறது என்று ஊகித்துவிடலாம். குயில் முட்டையிடுவது காக்கையின் கூட்டில்தானே.

செம்போத்தின் "ஊப்-ஊப்-ஊப்" அடிவயிற்றிலிருந்து வருவது போன்ற கனத்த குரல். மெதுவாக ஆரம்பித்து வேகம் எடுக்கும். ஒன்று குரல் கொடுக்க, தூரத்துப் புதரிலிருந்து இன்னொன்று பதில் சொல்லும்.

அப்புறம் செம்மார்புக் குக்குறுவான். வெயில் நேரத்தில் செம்புப் பாத்திரத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டுவது போல "டுக்... டுக்... டுக்..." என்று நிமிடக்கணக்கில் ஒரே தாளத்தில் கேட்கும். பெரும்பாலும் இலையில்லாத உச்சிக் கொம்பில்தான் உட்கார்ந்திருக்கும். இருநோக்கியில் பார்க்கக் கிடைத்தால் அலகைக் கவனியுங்கள், மூடியே இருக்கும். ஒவ்வொரு "டுக்"குக்கும் தொண்டைத் தோல் புடைத்து அடங்கும், தலை ஒருமுறை அசையும். தலையைத் திருப்பித் திருப்பிக் குரல் கொடுப்பதால், ஒருமுறை இடப்பக்கத்திலிருந்தும் மறுமுறை வலப்பக்கத்திலிருந்தும் சத்தம் வருவது போல இருக்கும். இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று சோர வேண்டாம், அதன் குரலே அப்படித்தான்.

தையல்சிட்டு கட்டை விரல் அளவுதான் இருக்கும். ஆனால் "ட்விட்-ட்விட்-ட்விட்" என்று அது போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். சாம்பல் கதிர்க்குருவி புதரிலிருந்து புதருக்குப் பறக்கும்போது "சட் சட்" என்று ஒரு சத்தம் வரும். அது வாய்க்குரல் இல்லை, பறக்கும்போது எழுப்பும் ஒலி. அந்தச் சத்தம் ஒன்றே போதும், பறவையைச் சொல்லிவிடலாம்.

வெண்மார்பு மீன்கொத்தி பறக்கும்போது சிரிப்பது போலக் கனைக்கும். தண்ணீரே இல்லாத தெருவில் மின்கம்பியில் உட்கார்ந்திருப்பதும் இதுதான், ஆகையால் குளம் இல்லையே என்று ஒதுக்கிவிடாதீர்கள். வால்காக்கைக்கு இனிமையான உலோகக் குரலும் உண்டு, கரகரவென்ற கத்தலும் உண்டு. ஒரே பறவைதான் இரண்டும் செய்கிறது என்பதை ஒருமுறை நேரில் பார்த்தால் மறக்காது. தவிட்டுக்குருவிகள் எப்போதும் கூட்டம்தான். ஒன்று கீச்சிட ஆரம்பித்தால் மொத்தக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

கேட்ட குரலை எப்படிக் குறித்து வைப்பது?

இதில் செலவழிக்கும் நேரம் வீண்போகாது. குரல் கேட்டவுடன் பெயரைத் தேடாமல், முதலில் உங்கள் சொந்தச் சொல்லில் எழுதுங்கள். எத்தனை அசை? சுருதி ஏறுகிறதா, இறங்குகிறதா, ஒரே மட்டத்தில் நிற்கிறதா? தாளம் சீராக இருக்கிறதா, வேகம் கூடுகிறதா? இடைவெளி எவ்வளவு? குரல் குழல் போலவா, கரகரப்பா? தரையிலிருந்தா, புதரிலிருந்தா, மர உச்சியிலிருந்தா?

எழுத்தில் வராததைக் கோடாகப் போடலாம். சுருதி ஏறினால் மேல்நோக்கி ஒரு கோடு, இறங்கினால் கீழ்நோக்கி, ஒரே சுருதிக்குப் படுக்கைக் கோடு, வெட்டி வெட்டி வந்தால் புள்ளிகள். அக்காக்குருவியைக் கேட்டால் இப்படி எழுதலாம்: "மூன்று அசை. ஒவ்வொரு தடவையும் முந்தையதைவிட மேலே. ஐந்தாறு முறை. உச்சத்தில் டக்கென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கீழிருந்து." இதைப் படிக்கும் எந்தப் பறவை ஆர்வலரும் கேட்காமலே பெயர் சொல்லிவிடுவார்.

புத்தகத்தில் போட்டிருக்கும் ஒலிச்சொற்களை மனப்பாடம் செய்வதைவிட நீங்களே உருவாக்கிய சொல் நன்றாக நிற்கும். ஆள்காட்டி என்ன சொல்கிறது என்று நான்கு பேரைக் கேட்டால் நான்கு விதமாகச் சொல்வார்கள். உங்கள் காதுக்கு எது பொருந்துகிறதோ அதுவே சரி.

பாட்டுக்கும் சாதாரணக் குரலுக்கும் என்ன வித்தியாசம்?

பாட்டு நீளமானது, பெரும்பாலும் இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை தன் எல்லையைக் காக்கவும் துணையை அழைக்கவும் பாடுவது. குண்டுக்கரிச்சான் விடியற்காலையில் ஆன்டெனா உச்சியில் உட்கார்ந்து பாடுவதைக் கேட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்ற குரல்கள் குறுகியவை: கூட்டத்தைச் சேர்த்து வைக்க, குஞ்சை அழைக்க, ஆபத்தைச் சொல்ல. இவை ஆண்டு முழுவதும் கேட்கும், எனவே நடைமுறையில் அதிகம் உதவுவது இவைதான்.

எச்சரிக்கைக் குரல்களைத் தனியாகக் கவனியுங்கள். சின்னான்களும் தவிட்டுக்குருவிகளும் அணில்களும் ஒரே இடத்தைப் பார்த்துக் கத்தினால், அங்கே ஆந்தையோ பாம்போ பூனையோ, வைரி என்ற சிறு வேட்டைப் பறவையோ இருக்கிறது என்று அர்த்தம். புள்ளி ஆந்தை பகலில் எந்த மரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பல நேரம் இவைதான் காட்டிக்கொடுக்கும்.

எந்த நேரம், எந்த மாதம் நல்லது?

விடிவதற்குச் சற்று முன்பிலிருந்து ஒன்றரை மணி நேரம். காற்று அடங்கியிருக்கும், வண்டிச் சத்தம் குறைவு, பறவைகளும் இரை தேடப் போகுமுன் குரல் கொடுக்கும். இருட்டு விலகுமுன்பே கரிச்சான் (இரட்டைவால் குருவி) ஆரம்பித்துவிடும். மாலையில் இருட்டும் நேரம் அடுத்தபடி.

மாதத்தைப் பொறுத்தவரை, ஒரே இடத்தை ஆண்டு முழுக்கக் கேளுங்கள் என்பேன். வெயில் ஏற ஏறக் குயிலும் அக்காக்குருவியும் ஓயாமல் கூவும். மழைக்காலத்தில் குயில் கேட்கவில்லை என்றால் ஊரைவிட்டுப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், கூவாமல் இங்கேயேதான் இருக்கிறது. மழையில் குளக்கரைப் புதரில் கானாங்கோழி இரவெல்லாம் கத்தும்.

செப்டம்பர், அக்டோபரில் வலசைப் பறவைகள் வந்து சேரும். பிளித் நாணல் கதிர்க்குருவி ஆசியாவின் வடக்குப் பகுதிகளிலிருந்து வந்து, ஏப்ரல் வரை நம் வேலிப் புதர்களில் இருக்கும். பார்ப்பது கஷ்டம், ஆனால் "செக்... செக்..." என்ற குரல் நாள் முழுக்கக் கேட்கும். இந்த ஒரு குரலைக் கற்றுக்கொண்டால் வலசை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதை உங்கள் வீட்டிலிருந்தே குறித்துவிடலாம். அதே சமயம் ஆறுமணிக் குருவியும் வரும். விடியும்போதும் இருட்டும்போதும் இரண்டு அசைச் சீழ்க்கை, முதல் அசை நீண்டு அடுத்தது இறங்கும். பெயரே நேரத்தைச் சொல்லிவிடுகிறது. ஒன்பது நிறம் கொண்ட பறவை என்று வடக்கே கொண்டாடப்படுவது, இங்கே நம் தோட்டத்துச் சருகில் இரை பொறுக்கிக்கொண்டிருக்கும். குரல் தெரியாவிட்டால் அது வந்ததே தெரியாமல் போய்விடும்.

மெர்லின் செயலி இருக்கிறதே, அது போதாதா?

நல்ல கருவி, அவசியம் வைத்துக்கொள்ளுங்கள். கார்னெல் பறவையியல் ஆய்வகம் வெளியிடும் இலவசச் செயலி. குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி 2021-இல் வட அமெரிக்கப் பறவைகளோடு தொடங்கியது, பிறகு இந்தியப் பறவைகளும் சேர்ந்தன. பகுதித் தொகுப்பை ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்.

ஆனால் திரையில் பெயர் வந்துகொண்டே இருக்கும்போது காது சோம்பேறியாகிவிடும். ஆகவே வரிசையை மாற்றுங்கள்: முதலில் கேளுங்கள், எழுதுங்கள், உங்கள் ஊகத்தைச் சொல்லுங்கள், அதன் பிறகு செயலியைத் திறங்கள். அது சொல்வது துப்பு மட்டுமே. உங்கள் ஊரில், அந்த மாதத்தில், அந்த மாதிரிப் புதரில் அந்தப் பறவை இருக்குமா என்று யோசித்து, முடிந்தால் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். செயலி சொன்னதை மட்டும் நம்பிப் பட்டியலில் ஏற்ற வேண்டாம்.

ஒப்பிட்டுக் கேட்க ஸீனோ-கேன்டோ தளம் உதவும். 2005-இல் தொடங்கப்பட்ட இதில் உலகம் முழுவதும் உள்ளவர்கள் பறவைக் குரல்களை ஏற்றுகிறார்கள். தென்னிந்தியாவில் பதிவானவற்றைத் தேர்ந்தெடுத்துக் கேளுங்கள், ஏனென்றால் சில பறவைகளின் குரல் இடத்துக்கு இடம் மாறும்.

ஒரே மாதிரிக் கேட்கும் பறவைகளை எப்படிப் பிரிப்பது?

குயிலும் அக்காக்குருவியும்: இரண்டுமே சுருதி ஏற்றிக்கொண்டு போகும். குயிலுக்கு இரண்டு அசை, அக்காக்குருவிக்கு மூன்று. அக்காக்குருவி முட்டையிடுவது தவிட்டுக்குருவிகளின் கூட்டில், எனவே அவை இருக்கும் தோப்புகளில் எதிர்பார்க்கலாம்.

ஆள்காட்டிகள்: ஏரிக்கரையிலும் வயலிலும் நாயோ மனிதரோ போனால் ஊரையே கூட்டுவது சிவப்புமூக்கு ஆள்காட்டி. இரவிலும் கத்தும். மஞ்சள்மூக்கு ஆள்காட்டி வறண்ட பொட்டலில் இருப்பது. அதன் குரல் மெல்லிய, கூர்மையான ஒற்றைக் கீச்சு.

புறாக்கள்: கள்ளிப்புறா மூன்று அசை, நடு அசையில் அழுத்தம், திரும்பத் திரும்ப அதே. சின்னத் தவிட்டுப்புறா நான்கைந்து அசையைத் தணிந்த குரலில் உருட்டும். புள்ளிப்புறாவின் குரல் இன்னும் கனமாக இழுத்து வரும்.

பச்சைக் குக்குறுவான்கள் இரண்டும் "குட்ரூ குட்ரூ" என்றுதான் சொல்லும். இங்கே காதைவிட இடம் அதிகம் உதவும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் நாள் முழுக்கக் கேட்பது பெரும்பாலும் வெண்கன்னக் குக்குறுவான், சமவெளித் தோப்புகளில் பெரிய பழுப்புத்தலைக் குக்குறுவான். இரண்டும் சந்திக்கும் இடங்களில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பறவை என்று நினைத்தது பறவையே இல்லாமல் இருக்குமா?

நிறையவே. முதலிடம் அணிலுக்கு. ஒரு கிளையில் அசையாமல் உட்கார்ந்து "சிப்... சிப்... சிப்..." என்று நிமிடக்கணக்கில் கத்தும். ஒவ்வொரு கத்தலுக்கும் வால் துடிப்பதைப் பார்க்கலாம். அணில் குரலைப் பறவைகளோடு சேர்த்துக் கற்றுக்கொள்வதே நல்லது. இரவில் தவளைகளும் பூச்சிகளும் குழப்பும்.

இதோடு, பிறர் குரலில் பேசும் பறவைகளும் உண்டு. கரிச்சான் வைரியின் குரலை அச்சாக எழுப்பும். காட்டில் துடுப்புவால் கரிச்சான் ஒரே மூச்சில் பல பறவைகளின் குரலைக் கலந்து கொடுக்கும். வைரி கத்துகிறது, ஆனால் மற்ற பறவைகள் அலட்டிக்கொள்ளவே இல்லை என்றால் பக்கத்தில் கரிச்சான் இருக்கிறதா என்று பாருங்கள்.

சில பறவைகள் குரலே கொடுப்பதில்லை. வேடந்தாங்கலில் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரைகள் அலகைத் தட்டித்தான் ஒலி எழுப்பும். அங்கே கேட்கும் இரைச்சலில் பெரும்பங்கு குஞ்சுகளும் மற்ற நீர்ப்பறவைகளும் போடுவது.

இரவில் கேட்கும் குரல்கள்?

பயப்பட ஒன்றும் இல்லை. "சிர்ர்-சிர்ர்-சீவக்" என்று சண்டை போடுவது போல அந்தி நேரத்தில் கத்துவது புள்ளி ஆந்தை. கோபுரத்திலும் பாழ்கட்டடத்திலும் இருக்கும் கூகை நீளமாகச் சீறி அலறும். எலிகளைத் தின்று விவசாயிக்கு உதவும் இந்தப் பறவையைக் குரலை வைத்து அபசகுனம் என்று விரட்டுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒருமுறை பெயர் தெரிந்துவிட்டால் அந்தப் பயம் போய்விடும், வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லுங்கள். பொட்டல் காட்டில் "சக்-சக்-சக்-சக்ர்ர்" என்று முடிவது சின்னப் பக்கி. தரிசு நிலத்தில் சீழ்க்கை போல ஏறி ஏறிக் கேட்பது கண்கிலேடியாக இருக்கலாம்.

மலைக்குப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

வால்பாறை, முதுமலை, கொடைக்கானல் போன்ற இடங்களில் சமவெளிக் காது கொஞ்சம் தடுமாறும். போகுமுன் ஐந்தாறு குரல்களை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள். ஓடைப் பக்கம், மழைக்கால விடியலில், மனிதர் யாரோ மெட்டுத் தெரியாமல் சீட்டியடிப்பது போலக் கேட்பது சீகாரப் பூங்குருவி. "கக்-கயா-கயா-கக்" என்று உடைந்து வருவது சாம்பல் காட்டுக்கோழி. நீலகிரிச் சோலைகளில் புதருக்குள் கூட்டமாகச் சிரிப்பது நீலகிரிச் சிரிப்பான். உலகிலேயே அந்த மலைப்பகுதியில் மட்டும் வாழ்வது. பெரிய இருவாச்சியைச் சிறகொலியாலேயே அறியலாம். இருவாச்சிகளுக்குச் சிறகின் அடிப்புறத்தில் மூடும் இறகுகள் இல்லாததால் காற்று பெரிய இறகுகளின் வழியே புகுந்து போகும். அந்தச் சத்தம் பறவை தெரிவதற்கு முன்பே மரத்துக்கு மேலே வந்துவிடும்.

கைப்பேசியில் பதிவு செய்யலாமா?

தாராளமாக. காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், கையை அசைக்காதீர்கள், அரை நிமிடமாவது பேசாமல் பிடியுங்கள். பதிவை நிறுத்துமுன் இடம், தேதி, நேரம், பறவையைப் பார்த்தீர்களா என்பதைச் சொல்லிவிடுங்கள். இது எளிய பழக்கம், பிற்பாடு அவ்வளவு உதவும்.

குரல் வரும் திசை தெரியவில்லை என்றால் இரண்டு உள்ளங்கைகளையும் காதுக்குப் பின்னால் குவித்து மெதுவாகத் திரும்புங்கள். எந்தப் பக்கம் கூடுதலாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம்தான்.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கலாமா?

வேண்டாம். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று நம்பி அது கூட்டையும் இரையையும் விட்டுச் சண்டைக்கு வரும். நமக்கு ஒரு படம், அதற்கு வீண் அலைச்சல். குஞ்சு இருக்கும் நேரத்தில் அதுவே இழப்பாகும். கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே வரையறுக்கிறது. பயிற்சிக்குக் கேட்பதானால் வீட்டிலோ காதுக்கருவியிலோ கேளுங்கள். ஒரே இடத்தில் கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் பறவை தானாக வெளியே வரும்.

எனக்கு வயதாகிவிட்டது, காது மந்தம். முடியுமா?

முடியும். வயதாகும்போது முதலில் குறைவது உச்சச் சுருதிகள்தான். பூக்கொத்தி, தேன்சிட்டு போன்றவற்றின் மெல்லிய கீச்சுகள் நழுவலாம். செம்போத்து, குயில், குக்குறுவான், புறா, ஆந்தை எல்லாம் தணிந்த சுருதி, அவை நன்றாகவே கேட்கும். பேரப்பிள்ளைகளைக் கூட அழைத்துப் போங்கள், அவர்கள் காது கூர்மை, உங்கள் பொறுமை அதிகம்.

பார்க்காமல் கேட்ட பறவையைப் பட்டியலில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். பறவைப் பட்டியல்களை ஏற்றும் இணையத்தளமான ஈபேர்டில் கேட்ட பறவையும் பதிவுதான். குரலை வைத்து எத்தனை என்று ஊகிக்க முடிந்தால் எண்ணிக்கை போடுங்கள். முடியாவிட்டால் எண்ணுக்குப் பதிலாக அதற்கான குறியை இடலாம். குறிப்பில் "குரல் மட்டும்" என்று எழுதி, பதிவு இருந்தால் அதையும் இணைத்துவிடுங்கள். வழக்கமில்லாத பறவையாக இருந்தால் சரிபார்ப்பவர் கேட்பது இதைத்தான். உறுதியில்லை என்றால் "கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை" என்று பொதுவாகவே விடலாம், அதற்கும் அங்கே இடம் உண்டு.

முதல் பட்டியல் போடப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நல்ல சமயம். 2015 முதல் ஜனவரியில், பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பார்த்ததையும் கேட்டதையும் எழுதினால் போதும். அப்போது வலசைப் பறவைகளும் ஊரில் இருக்கும். கோலம் போடும் நேரத்தில் எழுந்துவிட்டால் கரிச்சானிலிருந்தே தொடங்கிவிடலாம்.